மஸ்கட்டில் இறங்க மறுத்த வீடு

குறிஞ்சி ஃபிளாட்ஸ் முதன்முதலாகப் பறந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அஞ்சுகம் அடுப்பில் பால் வைத்திருந்தாள். பால் பொங்கவில்லை, பாத்திரத்தின் ஒரு பக்கமாக ஏறி, சாய்ந்த மேனிக்கு அப்படியே நின்றது. கேஸ் தீர்ந்துவிட்டதா, பால் கெட்டுவிட்டதா, தனக்குத்தான் தலை சுற்றுகிறதா, சுகர் இறங்கிவிட்டதா என்று வரிசையாகக் கவலைப்பட்டுவிட்டுக் கடைசியாகத்தான் அவள் ஜன்னலைப் பார்த்தாள். எதிரே இருக்கவேண்டிய மாவு மில்லைக் காணவில்லை. அந்த இடத்தில் மேகம் இருந்தது, மேகத்துக்குக் கீழே சின்னதாக ஏரி இருந்தது, ஏரிக்கரையில் தீப்பெட்டி அளவுக்கு வீடுகள் இருந்தன.

பொழிச்சலூரில் விமானம் யாருக்கும் புதிதல்ல. தலைக்குமேல் ஒன்று போகும்போது பேச்சை நிறுத்தி, அது போனபிறகு விட்ட வார்த்தையிலிருந்து தொடர்கிற ஊர் அது. அதனால் வீடே பறந்தபோதும் அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் யாரும் கூச்சல் போடவில்லை. முதல் மாடியில் துணி தைக்கும் ஹபீபா மட்டும் படிக்கட்டில் தலையை நீட்டி, "மோட்டார் போட்டாச்சா? இந்த உயரத்துல தொட்டிக்குத் தண்ணி ஏறுமா?" என்று கேட்டாள். பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது ஃபிளாட்ஸ் சங்கத்துக்குச் செயலாளராக இருக்கும் தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, "யாரு ஓட்டுறது? சங்கத்துல சொல்லிட்டுத்தான் எடுத்தாங்களா?" என்றார்.

ஓட்டியது பிரிசில்லா. மூன்றாவது மாடியில் தனியாக இருப்பவள், ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுபவள், ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குப் போய்விட்டு வந்து கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்காதவள். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுவது அவளுக்குப் பல வருஷப் பழக்கம். அந்த வாரம்தான் புதிதாக ஒரு பயணிகள் விமானத்தை, அந்த ஆட்டத்தோடு தனியாகக் காசு கொடுத்துச் சேர்க்கிற ஆட்-ஆனாக வாங்கிச் சேர்த்திருந்தாள். அதைச் செய்தவர்கள் ஒன்றையும் விடவில்லை. எண்ணெய் போகும் குழாய், மின்சாரம் போகும் வயர், காற்றை அடைக்கும் கதவு, விளக்குக்கு ஒரு சுவிட்ச், சுவிட்சுக்கு ஒரு சத்தம் என்று எல்லாவற்றையும் அவ்வளவு நிஜமாகச் செய்திருந்ததால், சுற்றியிருந்த வீடும் அதனோடு சேர்ந்துகொண்டது. இதற்குமேல் காரணம் யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

தெருவில் நின்று பார்த்தவர்களுக்குக் கட்டடம் நின்ற இடத்திலேயே நின்றது, மொட்டை மாடிக் கொடியில் துணிகூட ஆடாமல் தொங்கியது. தண்ணீர் கேன் போடும் குப்புசாமி வழக்கம்போலப் படியேறினார், முதல் திருப்பத்தில் காது அடைத்தது, எச்சில் விழுங்கிக்கொண்டார், மேகத்துக்கு நடுவில் கேனை இறக்கினார், காலி கேனை எடுத்துக்கொண்டு இறங்கினால் பொழிச்சலூர் தெருவும் அவருடைய மூன்று சக்கர வண்டியும் அங்கேயே இருந்தன. "ரெண்டாவது மாடிக்கு மேல குளுரு ஜாஸ்தி" என்று மட்டும் அடுத்த தெருவில் சொல்லியிருக்கிறார்.

ஆரம்பத்தில் விமானத்துக்குக் கோளாறு இல்லாத நாளே கிடையாது. மேலே ஏறினால் கட்டடம் இடது பக்கம் சாயும். பூரி எண்ணெய் ஒரு ஓரமாக ஒதுங்கும். தணிகாசலத்தின் பல் செட் மேசையிலிருந்து உருண்டு அலமாரிக்கு அடியில் போய்விடும். அதே விமானத்தை வாங்கிய வெளியூர்க்காரர்களுக்குப் பிரிசில்லா இணையத்தில் எழுதிக் கேட்டாள். கம்ப்யூட்டரிலிருந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்று என்றார்கள். அழித்தாள், ஏற்றினாள், மறுபடியும் சாய்ந்தது.

"அவங்களுக்கெல்லாம் தண்ணித்தொட்டியும் சேர்ந்து பறக்கல போலிருக்கு" என்று சொல்லிவிட்டுப் பிரிசில்லா மொட்டை மாடிக்குப் போனாள். கிழக்குப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு தொட்டி, மேற்குப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு தொட்டி. நடுவில் இருந்த வால்வை என்றோ நடந்த சண்டையில் மேற்குப் பக்கத்துக்காரர்கள் மூடி, கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். அவள் கம்பியை அவிழ்த்து வால்வைத் திறந்தாள். கட்டடம் மெதுவாக நிமிர்ந்தது. பல் செட் தானாகவே அலமாரிக்கு அடியிலிருந்து உருண்டு வந்தது.

காது வலித்து, ஊறுகாய் ஜாடிகளின் மூடிகள் பட்டுப் பட்டென்று தெறித்த வாரத்தில், மொட்டை மாடிக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த செங்கல்லை எடுத்தாள். சரியாகப் போயிற்று. இப்படி ஒவ்வொரு கோளாற்றையும் அவள் பிடித்த விதத்தைப் பார்த்து அஞ்சுகத்துக்கு ஆச்சரியம் தாங்காது. தானாயிருந்தால் எல்லா சுவிட்சையும் ஒரே நேரத்தில் அணைத்து, எல்லாச் சாமியையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டிருப்பாள். பிரிசில்லாவோ நகத்தைக் கடித்துக்கொண்டு, சினை மாட்டைத் தடவிக் கொடுக்கிறவள் மாதிரி "என்னடா செல்லம், எங்கடா வலிக்குது" என்று திரையிடம் கேட்டுக்கொண்டு, ஒரே ஒரு பொருளை மாற்றுவாள், பறந்து பார்ப்பாள், அது இல்லையென்றால் இருந்தபடியே திரும்ப வைப்பாள், அப்புறம்தான் அடுத்ததைத் தொடுவாள்.

"ரெண்டை ஒண்ணா தொட்டா எது சரி பண்ணுச்சுன்னு தெரியாமப் போயிரும் அக்கா. அப்புறம் சரியானதுகூட நமக்குப் பயன்படாது" என்பாள்.

அந்தப் பேச்சு கட்டடத்துக்கே பிடித்துப்போனது. ஹபீபா ரவிக்கை சரியாக உட்காராவிட்டால் இப்போதெல்லாம் ஒரு தையலை மட்டும் பிரித்துப் பார்த்தாள். தணிகாசலம் இருமலுக்கு ஒரு மருந்தை மட்டும் குடித்தார். ஞாயிற்றுக்கிழமைக்கென்று பழக்கங்களும் வந்தன. விமானம் கிளம்பும்முன் பிரிசில்லா படிக்கட்டில் நின்று கைதட்டுவாள்; எல்லா வீட்டிலும் குழம்புச் சட்டியைத் தரையில் இறக்குவார்கள், ஜன்னல் கொக்கியை மாட்டுவார்கள், சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தால் அதைத் தட்டு போட்டு மறைப்பார்கள். மதுரையில் இறங்கிய அன்று ஹபீபா ஜன்னல் வழியாகத் தன் தங்கை யாரையோ வழியனுப்ப வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பதைப் பார்த்தாள். போன் போட்டு, "ஏண்டி, பச்சைப் புடவைக்கு மஞ்சள் ரவிக்கையா போடுவ?" என்று கேட்டதும் தங்கை சுற்றுமுற்றும் பார்த்ததை இங்கிருந்து எல்லோரும் பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே தெரிகிறவர்கள் நிஜ மனிதர்கள் என்பது அன்றைக்கு உறுதியானது.

அன்றிலிருந்துதான் அஞ்சுகத்துக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் கணவர் கலியபெருமாள் மஸ்கட்டில் இருக்கிறார். விமானம் வந்து நிற்கவேண்டிய கோட்டுக்கு முன்னால், ஆரஞ்சு நிற மட்டை இரண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, வா, வா, இந்தப் பக்கம், போதும் என்று விமானத்துக்கு வழி காட்டுகிற வேலை. ஒருமுறை விடுமுறைக்கு வந்திருந்தபோது சப்பாத்திக் கட்டையையும் தோசைத் திருப்பியையும் வைத்துக் கூடத்தில் செய்து காட்டியிருக்கிறார். இரண்டையும் தலைக்குமேல் தூக்கிக் குறுக்கே வைத்து, "இது நில்லுன்னு அர்த்தம். நான் கையை இறக்குற வரைக்கும் எவ்வளவு பெரிய ஃபிளைட்டா இருந்தாலும் நகரக் கூடாது, தெரியுமா?" என்று பெருமையாகச் சொன்னார். அவள் தோசை தீய்கிறது, திருப்பியைக் கொடுங்கள் என்றாள்.

இப்போது ஆறேழு மாதமாக அவர் முகத்தைக் காட்டிப் பேசுவதில்லை. கேட்டால், போனில் கேமரா போய்விட்டது என்கிறார். அங்கிருந்து ஊருக்கு வந்த ஒருவர், "அண்ணன் குளிக்கிற இடத்துல வழுக்கி விழுந்துட்டாரு, இடது கையைத் தோளுக்கு மேல தூக்க முடியலைன்னு கேள்விப்பட்டேன், நான் நேர்ல பார்க்கல" என்று சொல்லிவிட்டுப் பேரீச்சம்பழப் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அஞ்சுகம் போனில் கேட்டாள். "எவன் சொன்னான்? ரெண்டு கையும் கல்லு மாதிரி இருக்கு" என்று அவர் சிரித்தார். அவர் சிரித்த விதம்தான் அவளைப் பயமுறுத்தியது. இரண்டு கை இல்லாமல் அந்த வேலை கிடையாது. வேலை இல்லை என்றால் அங்கே என்ன செய்கிறார், எங்கே படுக்கிறார், எதைச் சாப்பிடுகிறார்? கண்ணால் பார்த்தால் போதும். இரண்டு கையும் மேலே போவதை ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும்.

மூன்றாவது மாடிக்குப் போய்ச் சொன்னாள். பிரிசில்லா கேட்டுவிட்டு, "சரிக்கா, ஞாயித்துக்கிழமை மஸ்கட்" என்றாள், ஏதோ பல்லாவரம் சந்தைக்குப் போகிற மாதிரி.

அஞ்சுகம் கருவாட்டுக் குழம்பு வைத்து, தலைவாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு, முன்பக்க ஜன்னலில் நின்றாள். கடல் வந்தது, கடல் முடிந்தது, செம்மண் நிறத்தில் பொட்டல் மலை வந்தது, மலைக்குக் கீழே வெள்ளை வெள்ளையாக ஊர் வந்தது. இறங்கவேண்டிய இடம். விமானம் இறங்கவில்லை. மூக்கை அசைக்காமல், கூப்பிட்டது காதில் விழாத மாதிரி, ஊரைக் கடந்து பாலைவனத்துக்குமேல் போய்க்கொண்டே இருந்தது. பிரிசில்லா கையால் பிடித்துத் தள்ளினால் மூக்கைத் தாழ்த்தும், கையை விட்டால் பழையபடி தூக்கிக்கொள்ளும். கடைசியில் அவள் ஆட்டத்தை மூடினாள். லிஃப்ட் நிற்கும்போது வயிற்றில் ஒரு குதிப்பு வருமே, அதைப்போல ஒன்று. மாவு மில் எதிரில் இருந்தது.

"மன்னிச்சிருங்கக்கா."

"நீ என்னம்மா பண்ணுவ. என் தலைவிதி அப்படி" என்றாள் அஞ்சுகம். குழம்பை எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. மதுரையில் இறங்குகிறது, கோயம்புத்தூரில் இறங்குகிறது, மஸ்கட்டில் மட்டும் இறங்க மறுக்கிறது. கட்டடத்தில் எல்லோருக்கும் அது சொந்த அவமானமாகிவிட்டது. ஹபீபா தர்காவுக்கு வேண்டிக்கொண்டாள். தணிகாசலம், "ரூட் பர்மிட் இல்லாத வண்டி மாதிரியில்ல போயிட்டிருக்கு" என்று பிரிசில்லாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று புலம்பினார். அவள் விமானத்தோடு சேர்த்திருந்த மற்றவற்றை ஒன்று ஒன்றாகக் கழற்றினாள்; காற்று, மழை, ஊர்களின் படம், எல்லாவற்றையும். பயனில்லை. அப்புறம் ஒரு நாள் பறந்துகொண்டிருக்கும்போதே திரையின் ஒரு மூலையைக் காட்டி, "இதைப் பாருங்க சார்" என்றாள். போய்ச் சேரும் நேரம் என்று ஒரு எண் அங்கே இருந்தது. அது ஒரு இடத்தில் நிற்கவில்லை. கூட்டத்தில் ஆளாளுக்கு ஒன்று சொன்னால் யாரை நம்புவது என்று தெரியாதவன் மாதிரி முன்னும் பின்னும் குதித்துக்கொண்டிருந்தது.

"உள்ளூர்னா இது தூரத்தை மட்டும்தான் பார்க்குது. கடல் தாண்டினா நேரத்தையும் கேக்குது. கேட்டா யாரோ தப்புத் தப்பா பதில் சொல்றாங்க."

"யாரு சொல்றது?"

"வீட்டுல எதோ ஒண்ணு."

அவள் ஓட்டுவதைத் தானியங்கியிடம் விட்டுவிட்டுப் படியிறங்கினாள். வீடு வீடாக, ஒவ்வொரு பொருளாக நிறுத்தினாள். ஃபிரிட்ஜை நிறுத்தினாள், தணிகாசலம் மேலே நின்று திரையைப் பார்த்து "குதிக்குது!" என்று கத்தினார், மறுபடி போட்டாள். மிக்ஸி, டிவி, தையல் மிஷின், மீன் தொட்டியின் மோட்டார். "குதிக்குது! குதிக்குது!" கடைசியில் தணிகாசலத்தின் வீட்டிலேயே, வேறு எதுவும் மிச்சமில்லாமல், சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினாள்.

மேலேயிருந்து இந்தத் தடவை "குதிக்குது" வரவில்லை. பிறகு, "ஏம்மா, கொஞ்சம் அடங்கின மாதிரி இருக்கே!"

தணிகாசலத்தின் கடிகாரம் டிப்போ காலத்திலிருந்தே கால் மணி நேரம் முன்னால் ஓடியது. பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்று வைத்தது. ஹபீபாவின் கடிகாரம் தைத்துக் கொடுக்கும் கெடுவுக்குப் பயந்து பத்து நிமிஷம் முன்னால் ஓடியது. தரைத்தளத்தில் ஒன்று பள்ளிக்கூட வேனுக்காக, பக்கத்தில் ஒன்று ராகு காலத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக. அந்தக் கட்டடத்தில் எந்த வீட்டிலும் சரியான நேரம் இல்லை. அதில் யாருக்கும் வெட்கமும் இல்லை, எவ்வளவு கூட ஓடுகிறது என்று அவரவருக்குத் தெரியும், மனசுக்குள் கழித்துக்கொள்வார்கள். விமானத்துக்குத்தான் கழிக்கத் தெரியவில்லை.

பிரிசில்லா வீடு வீடாகப் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வருவதைப் படிக்கட்டுச் சத்தத்தில் கேட்டுக்கொண்டிருந்த அஞ்சுகம், நாற்காலி போட்டு ஏறித் தன் கடிகாரத்தை எடுத்து, அரிசி டிரம்முக்குள் புதைத்து, மூடிமேல் உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, உங்க வீட்டுல கடிகாரம்?"

"ரிப்பேருக்குக் கொடுத்திருக்கேன்."

பிரிசில்லா சுவரைப் பார்த்தாள். ஆணி இருந்தது. ஆணியைச் சுற்றி வட்டமாகச் சுண்ணாம்பு வெளுத்து இருந்தது. அரிசிக்குள்ளிருந்து டிக், டிக் என்று சத்தம் வந்தது. அவள் மேலே போனாள். அன்றைக்கும் விமானம் மஸ்கட்டைக் கடந்து போனது. ஆனால் எண் குதிக்கவில்லை, ஒரே ஒரு தப்பை மட்டும் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

அஞ்சுகத்தின் கடிகாரம் முன்னால் ஓடவில்லை. ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடியது. அவர் முதன்முதலாகப் போன அன்று அவள் அதை மஸ்கட் நேரத்துக்குத் திருப்பி வைத்தாள், அதன்பிறகு தொடவில்லை. அதைப் பார்த்துத்தான் அவர் இப்போது எழுந்திருப்பார் என்று எழுவாள், அவர் சாப்பிடுவார் என்று சாப்பிடுவாள், அவர் வெயிலில் நிற்பார் என்று மின்விசிறியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். பேட்டரி தீரும்முன்பே புதிது மாற்றிவிடுவாள். அது ஒரு நிமிஷம் நின்றாலும் அங்கே அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயத்தை அவள் வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்றல்ல. சொன்னால் பலித்துவிடும் என்று.

அந்த வாரம் முழுவதும் அவள் டிரம்மைத் திறந்து திறந்து பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை வீடு கிளம்பியது. கடல் பாதி தாண்டியபோது அவளால் உட்கார முடியவில்லை. கடிகாரத்தை எடுத்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டி, முந்தானையில் சுற்றிக்கொண்டு மாடியேறினாள். பிரிசில்லாவின் மடியில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கழட்டிடு. நான் பார்க்க மாட்டேன். சீக்கிரம் கழட்டிடும்மா."

பிரிசில்லா கடிகாரத்தைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். திரையில் போய்ச் சேரும் ஊரின் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நகத்தைக் கடித்தாள்.

"கழட்ட மாட்டேன்" என்றாள். "இந்தக் கட்டடத்துலயே சரியா ஓடுற கடிகாரம் இதுதான். போற ஊரு நேரத்தை இது ஒண்ணுதான்கா சொல்லிட்டிருந்துச்சு. மத்ததெல்லாம் சும்மா இருக்க, இது ஒண்ணை மட்டும் நம்ப அதுக்குத் தைரியம் வரல. அதான் பழைய தப்பையே பிடிச்சுட்டிருந்துச்சு. எல்லாரும் ஒண்ணா சொன்னா நம்பிரும்."

அவள் படிக்கட்டுக்குப் போய்க் கைதட்டினாள். "எல்லாரும் பேட்டரியைத் திரும்பப் போடுங்க! அஞ்சுகம் அக்கா கடிகாரத்துல என்ன மணியோ, அதை வைங்க! ஒவ்வொரு வீடா!"

"ஒன்றரை மணி நேரம் பின்னாடியா? அப்ப என் மாத்திரை?" என்றார் தணிகாசலம்.

"மாத்திரையை மனசுக்குள்ள கூட்டிக்கோங்க சார், இத்தனை நாள் கழிச்சீங்கல்ல" என்றாள் ஹபீபா. முதலில் திருப்பியவள் அவள்தான்.

தரைத்தளத்திலிருந்து ஒவ்வொரு வீடாகக் குரல் வந்தது, "வெச்சாச்சு", "வெச்சாச்சு" என்று, கோயிலில் வரிசையாக மணி அடிக்கிற மாதிரி, ஒருவர் முடித்தபிறகு அடுத்தவர். ஒவ்வொரு குரலுக்கும் திரையில் அந்த எண் சரியான நேரத்தை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தது. கடைசியாகத் தணிகாசலம், தன் வாழ்நாளில் முதல்முறையாகக் கடிகாரத்தைப் பின்னால் திருப்பி, "வெச்சாச்சும்மா, ஆனா இது சங்க நோட்டுல எழுத்துல வரணும்" என்றார்.

குறிஞ்சி ஃபிளாட்ஸ் ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு மூக்கைத் தாழ்த்தியது.

அஞ்சுகம் ஓடி வந்து முன்பக்க ஜன்னலில் நின்றாள். பொட்டல் மலை பக்கத்தில் வந்தது, கடல் பச்சையாகி நீலமாகி ஒதுங்கியது, தரை எழுந்து வந்து காலைத் தொட்டது. ஹபீபா வந்து அவள் பக்கத்தில் நின்று தோளைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளை வெயிலில் கட்டடம் ஊர்ந்து திரும்பியது. மஞ்சள் கோடு ஒன்று தெரிந்தது. கோட்டின் முனையில், காதுக்கு மூடி போட்டுக்கொண்டு, மெலிந்த ஒரு ஆள்.

"அவரா பாரு" என்றாள் ஹபீபா.

அவர் கால் அகட்டி நிற்கிற நிலையிலேயே அஞ்சுகத்துக்குத் தெரிந்துவிட்டது. தாடி நரைத்திருந்தது. வலது மட்டை வா, வா என்றது. இடது மட்டை இடுப்புக்குப் பக்கத்திலேயே சின்னதாக அசைந்தது. சொன்னவர் பொய் சொல்லவில்லை.

கட்டடம் கோட்டை எட்டியது. வலது கை தலைக்குமேல் போனது. இடது கை இடுப்பிலிருந்து நெஞ்சுக்கு வந்தது, நெஞ்சிலிருந்து தோளுக்கு வந்தது, தோளில் நின்றது. அவர் பல்லைக் கடிப்பது ஜன்னலிலிருந்தே தெரிந்தது. பிறகு அது தோளைத் தாண்டியது, காதைத் தாண்டியது, தலைக்குமேல் போய் வலது மட்டைக்குக் குறுக்கே விழுந்தது. பிரிசில்லா பிரேக்கைப் பிடித்தாள். வீடு நின்றது.

அவர் கையை இறக்கியிருக்கலாம். வேலை முடிந்துவிட்டது. ஆனால் அந்த நேரத்தில் இரண்டாவது மாடியில் அஞ்சுகம் அன்றைக்கும் வைத்துத் தரையில் இறக்கியிருந்த கருவாட்டுக் குழம்பின் வாசனை, கொக்கி மாட்டாமல் விட்ட ஒரு ஜன்னல் வழியாக வெயிலுக்குள் இறங்கியது. கலியபெருமாள் மூக்கை உயர்த்தினார். கண்ணைச் சுருக்கி மேலே பார்த்தார், ஜன்னல் ஜன்னலாகத் தேடினார், ஒரு ஜன்னலில் நின்றுவிட்டார்.

வலியில் இடது கை நடுங்கியது. ஆனாலும் குறுக்கே வைத்த மட்டைகளை அவர் இறக்கவே இல்லை.